சம்பந்தி நிற்கும் சென்றி

வேகத்தைக் குறை என்று பலகை சொல்வதற்கு முன்பே குலவீரசிங்கத்தின் கால் குறைத்துவிட்டது. ரொறொன்ரோவில் அத்தனை வருஷம் லொறி ஓட்டிய மனுஷன், எந்தப் பொலிஸ்காரனுக்கும் பயந்து பிரேக்கை மிதித்தது கிடையாது. ஆனால் ரோட்டின் தொங்கலில், கானலுக்கு நடுவே, ஒரு பச்சை அசைந்தால் போதும். கால் தன்பாட்டில் எழும்பும், கை தன்பாட்டில் ரேடியோவை நிறுத்தும், கறுப்புக் கண்ணாடி மூக்கை விட்டு மடிக்கு வரும். எல்லாவற்றுக்கும் கடைசியாக, பின்பக்கம் இருக்கையிலிருந்து ஒரு விரற்கடை மேலே எழும்பும். வண்டிக்குள் இருக்கிறவன் எதற்காக எழும்பவேண்டும்? சைக்கிளை விட்டு இறங்கத்தான். ஊரில் ஆமிக்காரன் காவல் நிற்கிற சென்றியைக் கண்டால் இறங்கவேண்டும், இறங்கி உருட்டிக்கொண்டு நடக்கவேண்டும், சென்றி தாண்டி ஆமிக்காரனின் பார்வைக்கு அப்பால் போன பிறகுதான் மறுபடி ஏறலாம். அந்தச் சைக்கிள் எந்தக் கிணற்றடியில் துருப்பிடித்துச் செத்ததோ தெரியாது, இறங்குகிற பழக்கம் மட்டும் விசா எடுக்காமல் கூடவே வந்துவிட்டது. இப்போது அது மெக்சிக்கோவின் வடக்கு எல்லையிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற நெடுஞ்சாலையில், சகலனிடம் இரவல் வாங்கிய வான் வண்டிக்குள், தை மாசத்து வெயிலில் எழும்பி எழும்பி இருக்கிறது. இரண்டு பக்கமும் பாலை. முட்புதருக்கு மேலே ஆள் உயரக் கள்ளிகள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறதுகள் என்று முதலில் சொன்னவள் பக்கத்தில் இருக்கிற மனைவி பவளராணிதான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மண்மூட்டைகள் கிட்ட வந்தன. எந்த நாட்டு மண்ணானாலும் மூட்டையில் கட்டி அடுக்கினால் ஒரே முகம்தான். அங்கே நின்ற பொடியன் வண்டியைப் பார்த்தான், பொட்டு வைத்த பவளத்தைப் பார்த்தான், போ என்று கையசைத்தான். குலம் நிறுத்தினார். அவன் மறுபடி அசைத்தான். குலம் சட்டைப் பையிலிருந்து லைசென்ஸ் அட்டையை எடுத்து இரண்டு கையாலும் ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். பையில்லாத சட்டை வாங்குகிற வழக்கம் அவருக்கு இல்லை. மகள் ஆசையாய் வாங்கிக் கொடுத்த இரண்டு நல்ல சட்டை அந்த ஒரே காரணத்தால் அலுமாரியிலேயே கிடக்கிறது. பொடியன் அட்டையை வாங்கவில்லை, சிரித்தான். பின்னால் நின்ற லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். போகச் சொல்லுறான், போங்கோவன் என்று பவளம் சொன்ன பிறகுதான் வண்டி நகர்ந்தது.

இது முதலாவது. இன்னும் இரண்டு இருக்கின்றன என்று மகள் ஆரபி போனில் சொல்லியிருந்தாள். மூன்றாவதில்தான் விஷயம். மூன்றாவதில் சம்பந்தி நிற்பார். சம்பந்தி ஆமிக்காரன். இதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தால் ஒரு சொல் மற்றச் சொல்லோடு ஒட்டமாட்டேன் என்கிறது. சம்பந்தி என்றால் பன்னீர் தெளித்து, சந்தனம் பூசவைத்து, பந்தியில் முதல் இலை போடுகிற ஆள். ஆமிக்காரன் என்றால் ஆமிக்காரன். கடல் ஆராய்ச்சி என்று இந்த நாட்டுக்கு வந்த ஆரபி இங்கேயே ஒருவனைப் பிடித்துவிட்டாள், ராமிரோ. பெயரில் பாதிக்கு மேல் ராமர் இருக்கிறார் என்று பவளம் உடனே கட்சி மாறிவிட்டாள். குலத்துக்கும் பொடியனைப் பிடித்துத்தான் இருந்தது. வீடியோவில் தோசையைக் கையால் பிய்த்துச் சாப்பிட்டுக் காட்டினான். எல்லாம் முற்றான பிறகு ஒருநாள் ஆரபி, அப்பா ஒரு விஷயம், ராமிரோவின் அப்பா ஆமியில் இருக்கிறார் என்றாள். இவர் ஓ என்றார். அவர் நல்ல மனுசன் அப்பா என்றாள் பிள்ளை. ஆமிக்காரன் ஒவ்வொருத்தனுக்கும் அவன் நல்ல மனுசன் என்று சொல்ல வீட்டில் ஒரு பிள்ளை இருக்கும்தானே என்று குலம் நினைத்தார். அவளுக்கு ஆமி என்றால் படத்தில் பார்த்த சங்கதி. பயத்தைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் வளர்த்துவிட்டோம் என்று எத்தனை தரம் பெருமைப்பட்டிருப்பார். அந்தப் பெருமைதான் இப்போது திரும்பி வந்து மடியில் ஏறி இருந்தது. நாளைக்கு முகூர்த்தம். தாரை வார்க்கும்போது பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுக்கவேண்டும். எதிரில், ஒரு முழத்தில், அந்த ஆள் நிற்பார். கை நடுங்கினால்? நடுங்குவதைச் சபை பார்த்தால்? நடுங்குவதைப் பிள்ளை பார்த்தால்? சகலன் அமெரிக்காவில், பீனிக்ஸில் வைத்துச் சொன்னான், விமானத்தில் போங்கோ, ஒரு மணித்தியாலத்துக்குள் இறங்கலாம் என்று. குத்துவிளக்கு, தாம்பாளம், பலகாரப் பெட்டி எல்லாவற்றையும் விமானத்தில் ஏற்ற முடியாது என்று குலம் சாட்டுச் சொன்னார். உண்மை வேறு. விமானம் ஏறினால் நடுவழியில் திரும்ப முடியாது. வண்டி என்றால் திருப்பலாம். இந்த ரோட்டுக்காரர்களும் அதற்கென்றே வசதி செய்து வைத்திருக்கிறார்கள். கொஞ்சத் தூரத்துக்கு ஒருமுறை வளைந்த அம்புக்குறியோடு ஒரு பலகை, ரெட்டோர்னோ என்று. திரும்பும் வழி. ஸ்பானிஷில் அவர் முதலில் படித்துக்கொண்ட சொல் அதுதான். ஒவ்வொரு ரெட்டோர்னோ வரும்போதும் இது இல்லை, அடுத்ததில் பார்ப்போம் என்று மனசு சொல்லும். பக்கத்தில் இருக்கிறவளுக்கு இதெல்லாம் தெரியாது, அவள் பாட்டுக்குத் தோடம்பழம் உரிக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

தோடம்பழச் சுளையை வாயில் வைத்ததும் ஊர்ச் சந்தி வந்தது. ஏன் வந்தது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. சந்தியில் தோடம்பழம் விற்றதில்லை. வெயில்தான் காரணமாக இருக்கும், இந்த வெயிலுக்கும் அந்த வெயிலின் நிறம். அன்றைக்கு ரியூட்டரி வாசலில், வகுப்புக்கு உள்ளே போகும்போது, பவளராணி திரும்பிப் பார்த்திருந்தாள். அப்போது அவள் பவளராணி என்பதே அவருக்குத் தெரியாது, சிவப்பு ரிபன் என்று பெயர் வைத்திருந்தார். திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு றலி சைக்கிளில் ஏறி விசிலடித்துக்கொண்டு போனவர் சந்தியில் சென்றி இருப்பதை மறந்துபோனார். ஊரெல்லாம் உருட்டிக்கொண்டு நடக்கிற இடத்தில் இவர் மட்டும் ராசா மாதிரி மிதித்துக்கொண்டு போனார். பின்னால் ஒரு சத்தம் வந்தபோது இன்னும் விசிலடித்துக்கொண்டுதான் இருந்தார். அந்த ஆமிக்காரன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அடி வாங்கினவர்களோடு சேர்ந்திருக்கலாம், ஒரு கதையாவது மிஞ்சியிருக்கும். அவன் அடையாள அட்டையை, ஐசியை, வாங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்து, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கு என்று கையால் காட்டினான். உச்சி வெயில். சனம் சைக்கிளை உருட்டிக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் போனது. பார்க்காமல் போவதுதான் அன்றைக்கு ஒருவருக்கொருவர் செய்யக்கூடிய மரியாதை. தோள் கழன்று விழுகிற மாதிரி இருந்தது. தலைக்கு மேல் பின்சில்லு மெல்லச் சுற்றியது, க்ரிக், க்ரிக் என்று. பிறகு ரியூட்டரி விட்டது. பெண்பிள்ளைகள் கூட்டமாக வருகிற பேச்சுச் சத்தம், சென்றி கிட்ட வந்ததும் அடங்குகிற பேச்சுச் சத்தம், செருப்புச் சத்தம். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஆகவே அந்தக் கூட்டத்தில் சிவப்பு ரிபன் இருந்ததா, பார்த்ததா என்பது இந்த நிமிஷம் வரை அவருக்குத் தெரியாது. கல்யாணமாகி, நாடு மாறி, பிள்ளை பெற்று, பிள்ளைக்குக் கல்யாணமும் வந்தாயிற்று. அவள் ஒருநாளும் அதைப் பற்றி மூச்சுக் காட்டியதில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பாள். பார்த்திருந்தால் சொல்லமாட்டாள். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் எத்தனையோ தரம் போய் வந்துவிட்டார்.

இரண்டாவது சென்றியில் நிறுத்தித்தான் பார்த்தார்கள். எங்கே இருந்து வருகிறாய், எங்கே போகிறாய். உலகத்துச் சென்றி எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு கேள்விதான் போலும். பவளம் மகள் எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொடுத்த ஸ்பானிஷில் கல்யாணம் என்றாள், கையால் தாலி கட்டிக் காட்டினாள். பின்கதவைத் திறந்தார்கள். துணியில் சுற்றிப் பாகம் பாகமாகக் கழற்றி வைத்த குத்துவிளக்கின் தண்டு முதலில் கையில் அகப்பட்டது. நீளமான பித்தளைக் குழாய். ஒருவன் அதைக் கண்ணில் வைத்து வானத்தைப் பார்த்தான், மற்றவன் துவக்கைத் தோளில் சரித்துவிட்டுத் தட்டிக் கேட்டான். குலம் வண்டிக்குப் பக்கத்தில் நேராக நின்றார், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடையோடு ஒட்டி வைத்தார். பவளமோ வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காட்டுகிற மாதிரி அடிப்பாகத்தைத் தரையில் வைத்து, தண்டைத் திருகி, தட்டைப் பொருத்தி, மேலே அன்னத்தை நட்டு, இந்தா என்று தள்ளி நின்றாள். மெக்சிக்கோ நெடுஞ்சாலையின் ஓரத்தில், மண்மூட்டைக்கு முன்னால், குத்துவிளக்கு முழுசாக நின்றது. பொடியன்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பயற்றம்பணியாரப் பெட்டியைத் திறந்து நீட்டினாள். வேலையில் இருக்கிறோம் என்று நெஞ்சில் கைவைத்து மறுத்தார்கள். அவள் விளக்கைக் கழற்றிச் சுற்றுகிற வரைக்கும் குலம் அப்படியே நேராக நின்றார். கையை எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லையே, எடுத்தால் என்ன என்று யோசித்தார், எடுக்கவில்லை.

வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் இடது தோள் பிடித்துக்கொண்டது. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் உருவினார். பவளம் கைப்பையிலிருந்து தைலத்தை எடுத்து, அவர் சட்டைக் கழுத்தை விலக்கி, விரலால் தேய்த்தாள். கார்ப்பு வாசம் வண்டி முழுக்க எழுந்தது. தேய்த்துக்கொண்டே, உப்பு இருக்கிறதா புளி இருக்கிறதா என்று சொல்கிற குரலில், "அண்டைக்குச் சைக்கிள் தூக்கின தோள்தானே, அது நோகும்தான்" என்றாள்.

ரோடு அப்படியே இருந்தது. கள்ளிகள் கையைத் தூக்கியபடி நின்றன. முன்னால் போன லொறி முன்னால் போய்க்கொண்டேயிருந்தது. குலத்துக்குத்தான் பிடரியில் யாரோ தட்டினது போல இருந்தது. எத்தனை வருஷம் பூட்டி வைத்த பெட்டி, இவளிடம் எப்போதுமே அதன் திறப்பு இருந்திருக்கிறது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தார், வந்தது, ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை. நீர் பாத்தனீரோ என்று கேட்க ஒரு பாலமும் ஒரு பெற்றோல் செட்டும் கடக்கவேண்டியிருந்தது. பாக்காமல் பின்ன என்றாள் அவள். பிறகு தைலப் போத்தலை மூடி, விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். "அவன் இறக்கு எண்ட பிறகு நீங்கள் சைக்கிளைத் தூக்கிப் போடேல்லை. மெல்லமா வைச்சு, கழண்ட செயினைக் குந்தியிருந்து கொழுவிப்போட்டு, உருட்டிக்கொண்டு போனீங்கள். அண்டைக்குப் பின்னேரமே அம்மாட்டச் சொல்லிப்போட்டன், கட்டினால் இந்தாளைத்தான் எண்டு." செயினைக் கொழுவினதை அவர் மறந்தே போயிருந்தார். கண்ணை மூடிக்கொண்டிருந்தவருக்குப் பிறகு நடந்தது எதுவும் ஞாபகத்தில் இல்லை. அந்தப் பாதியை இவள் எடுத்து வைத்திருந்திருக்கிறாள். கண் எரிந்தது. தைலம் என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் மனசு லேசில் விடுகிற சாமான் இல்லை. அவள் பார்த்தது ஒன்று, ஆமிக்காரனோடு பந்தியில் இருப்பது வேறொன்று. ஆரபி போன் எடுத்தாள். எங்கே வந்துவிட்டீர்கள், ராமிரோவின் அப்பா சாப்பிடாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறாராம், அவருக்கு வேலை முடிகிற நேரம், உங்கள் வண்டியிலேயே ஏறி வீட்டுக்கு வழி காட்டுவார் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். வண்டியில் ஏறுவாரா? பின்சீட்டில் ஆமிக்காரன், சீருடையோடு, பிடரிக்குப் பின்னால். பிடரி அப்போதே குளிர்ந்தது. சரி பிள்ளை என்றார். சரி என்று சொன்ன வாய் மூடுவதற்குள் அடுத்த ரெட்டோர்னோ பலகை வந்தது, கை தன்பாட்டில் சிக்னலைப் போட்டது. க்ரிக், க்ரிக், க்ரிக். வண்டி இடது ஓரத்து வளைவுக்குள் இறங்கி, எதிர்ப்பக்க ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. வடக்கே போகிற வாகனங்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஒரு இடைவெளி வந்தது, குலம் போகவில்லை. இன்னொரு இடைவெளி வந்தது. பவளம் என்ன ஏது என்று கேட்கவில்லை. அப்படியானால் இந்தச் சங்கதியும் அவளுக்கு முதலே தெரிந்திருக்கிறது. தோடம்பழத் தோலைப் பையில் கட்டிவைத்துவிட்டு, "திரும்புறதெண்டால் திரும்புங்கோ. நான் இதில இறங்கி பஸ் பிடிச்சுப் போவன். பிள்ளைக்குக் கலியாணம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. குத்துவிளக்கையும் இறக்கித் தரச் சொன்னாள். அந்த விளக்கையும் பலகாரப் பெட்டியையும் வைத்துக்கொண்டு இவள் கள்ளிக்காட்டு ரோட்டில் பஸ்ஸுக்குக் கைகாட்டுவதை நினைத்ததும் அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வண்டியைப் பின்னுக்கு எடுத்து, மறுபடி தெற்கே திருப்பினார். அதற்குப் பிறகு வந்த ரெட்டோர்னோ பலகைகளை அவர் வாசிக்கவில்லை.

மூன்றாவது சென்றி ஒரு சின்ன மேட்டின் மேல் இருந்தது. கடல் காற்று வந்தது. பச்சைக் கூடாரம், மண்மூட்டை, ரோட்டின் குறுக்கே தடுப்பு. வரிசையில் வாகனம் எதுவும் இல்லை. கால் குறைத்தது, கை ரேடியோவை நிறுத்தியது, அது ஏற்கெனவே நின்றுதான் இருந்தது. கறுப்புக் கண்ணாடி மடிக்கு வந்தது. பின்பக்கம் எழும்பியது. இந்த முறை எழும்பினது எழும்பினபடி நின்றது. தடுப்புக்கு இன்னும் நல்ல தூரம் இருக்கும்போதே அவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, கதவைத் திறந்து, சைக்கிளை விட்டு இறங்குகிற மாதிரி ஒரு காலை வீசி இறங்கிவிட்டார். இறங்கி, லைசென்ஸ் அட்டையை எடுத்து முன்னால் பிடித்துக்கொண்டு, ரோட்டின் ஓரத்தால் நடந்தார். எங்கப்பா போறியள் என்று பவளம் பின்னால் கேட்டது காதில் விழுந்தது. சென்றிக்கு எப்படிப் போவது? நடந்துதானே? கூடாரத்துப் பக்கம் ஒரே பரபரப்பு. சத்தம் போட்டார்கள். வண்டியை விட்டுவிட்டு ஒருவன் எதையோ நீட்டிக்கொண்டு நடந்து வந்தால் அவர்கள்தான் என்ன செய்வார்கள், இரண்டு துவக்கு நிமிர்ந்தது. குலம் நின்றார். எங்கே நிற்கிறோம், என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. நாளைக்குப் பிள்ளைக்குத் தாரை வார்க்கவேண்டிய கை, அட்டையோடு நடுரோட்டில் நடுங்கியது.

கூடாரத்துக்குள்ளிருந்து ஒருவர் ஓடி வந்தார். தடித்த ஆள், நரைத்த மீசை, சீருடை. ஓடி வரும்போதே பொடியன்களைப் பார்த்து ஏதோ அதட்டினார், துவக்குகள் தாழ்ந்தன. வீடியோவில் கண்ட முகம்தான். சார்ஜன்ட் எலெயாசர், ராமிரோவின் தகப்பன். ஒரு முழத்தில் வந்து நின்று மூச்சு வாங்கினார். குலம் மகள் சொல்லிக்கொடுத்த வணக்கத்தைத் தேடினார், ஒரு எழுத்தும் வரவில்லை. வந்ததெல்லாம் பழைய பழக்கம்தான். அட்டையை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார். எலெயாசர் அட்டையைப் பார்த்தார், குலத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். கல்யாணத்துக்கு வருகிற சம்பந்தி இப்படி நீட்டினால் என்ன செய்யவேண்டும் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? இவர்கள் பக்கத்து முறை இதுதானாக்கும், தகப்பனும் தகப்பனும் சந்திக்கும்போது இப்படித்தானாக்கும் என்று நினைத்திருக்கவேண்டும். அவசர அவசரமாக உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தார். சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றினார். உள்ளேயிருந்து தன்னுடைய ராணுவ அட்டையை எடுத்து, குலம் பிடித்திருந்த மாதிரியே இரண்டு கையாலும் பிடித்து, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, நீட்டினார்.

குலவீரசிங்கம் அதை வாங்கினார். தன் சீவியத்தில் எத்தனையோ ஆமிக்காரனுக்கு ஐசி காட்டியவர், ஒரு ஆமிக்காரன் அவருக்குக் காட்டுவது இதுதான் முதல் தடவை. என்ன செய்வது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பார்த்துப் பார்த்து மனப்பாடமான வேலை. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பினார். படத்தைப் பார்த்தார். படத்தில் மீசை இல்லாத ஒரு இளந்தாரி, போட்டோ பிடிக்கிறவன் அசையாதே என்றதும் எல்லாருக்கும் வருகிற அந்த முழியோடு இருந்தான். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். மீசையில் வியர்வை. கை இரண்டும் தொடையோடு ஒட்டியிருந்தன. இந்த நிலையைக் குலத்துக்குத் தெரியும். இது அவருடைய நிலை. இந்த மனுஷன் காலையிலிருந்து சாப்பிடாமல், தூரத்து நாட்டிலிருந்து வருகிற ஒருவன் தன் மகனை ஏற்பானோ மாட்டானோ, தன்னைப் பார்த்து முகம் சுளிப்பானோ என்று இந்த மேட்டில் நின்றிருக்கிறார். இப்போதும் போகவிடச் சொல்லித்தான் நிற்கிறார். குலம் அட்டையை வேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கையில் வைத்திருந்தார். அந்த ஒன்றை மட்டும் அவரால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. பிறகு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"சரி. வாங்கோ சம்பந்தி, போவம்" என்றார்.

தமிழில்தான் சொன்னார். எலெயாசருக்கு விளங்கிவிட்டது. குலத்தின் நோகிற தோளிலேயே கையைப் போட்டார். வண்டியடிக்கு வந்தபோது பவளம் இறங்கி, பின்சீட்டில் குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு ஏறி இருந்தாள். முன்சீட்டைச் சம்பந்திக்கு விட்டிருந்தாள். பலகாரப் பெட்டியைத் திறந்து முன்னுக்கு நீட்டினாள். வேலை முடிந்தவர்தானே, மறுக்கவில்லை. பசி போலும், மாவு உதிர்ந்து சீருடை முழுக்கக் கொட்டுண்டது. தடுப்பு எழும்பியது. துவக்கை நிமிர்த்தின பொடியன்களில் ஒருவன் வெட்கத்தோடு கையைக் காட்டினான். குலம் சீட்டில் நன்றாகச் சாய்ந்து இருந்துகொண்டு, பதிலுக்குக் கையைக் காட்டிவிட்டு, வண்டியைக் கடல் பக்கமாக எடுத்தார்.